வாட்டிய இலையும் காயாத வற்றலும்

போர்டு கடை அண்ணன் இரண்டு தகடுகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "எது எதுன்னு சொல்லு தம்பி, பாப்போம்" என்றார். ஒரே தடிமன், ஒரே அளவு. மேலே ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தபின் இரண்டும் கண்ணாடிதான், வேறுபாடே தெரியவில்லை. நான் கைகாட்டியது தப்பு. அவர் சிரித்துக்கொண்டே விரல் முட்டியால் இரண்டையும் தட்டினார். ஒன்று 'டக்'கென்று கறாராகப் பேசியது. மற்றது வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் 'தொப்'பென்றது. "சத்தமாப் பேசுறது அக்ரிலிக். முனகுறது பாலி."

புதுச்சேரியில் அவருடைய கடை போன்ற போர்டு கடைகளில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். எழுத்து வெட்டவும், பெயர்ப்பலகைக்குப் பின்னால் விளக்குப் போடவும் அது போதும். தட்டையாக வைத்துக்கொள்ளும்வரை இவை இரட்டைப் பிள்ளைகள். வளைக்க வேண்டும் என்று தொடங்கும்போதுதான் இரண்டுக்கும் தாய் தகப்பன் வேறு என்பது தெரிகிறது.

எனக்கு இரண்டு வேலை இருந்தது. முத்தியால்பேட்டையில் டீக்கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனுக்கு பன்னும் ரொட்டியும் வைக்கும் பெட்டியின் முகப்பு உடைந்துபோயிருந்தது. இனிப்புக் கடைகளில் இருப்பதுபோல் முன்பக்கம் வளைந்து இறங்கவேண்டும் என்பது அவன் ஆசை. மற்றது என் ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு காற்றுத்தடுப்பு. தினமும் காலாப்பட்டுவரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிறவன் நான். மாலையில் திரும்பும்போது கடல்காற்றோடு பூச்சியும் முகத்தில் வந்து அடிக்கும். இரண்டையும் வீட்டிலேயே வளைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்று முதல் வாரத்திலேயே முடிந்தது. மற்றது எனக்குப் பாடம் எடுத்தது.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். அக்ரிலிக்கின் முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். 1930களில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 'பிளெக்சிகிளாஸ்' என்றும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனம் 'பெர்ஸ்பெக்ஸ்' என்றும் விற்கத் தொடங்கிய பொருள். பாலிகார்பனேட் அதற்கு இருபது வருஷம் இளையது. 1953இல் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெலும் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியின் எடையில் பாதிதான் இரண்டும்: கண்ணாடியின் அடர்த்தி 2.5 என்றால் அக்ரிலிக் 1.19, பாலிகார்பனேட் 1.20. தெளிவில் அக்ரிலிக் ஒரு படி மேல். விழுகிற வெளிச்சத்தில் 92 சதவீதத்தை உள்ளே விடும். பாலிகார்பனேட் 88 சதவீதம்போல விடும். ஓரத்தைப் பார்த்தால் இது புரியும். அக்ரிலிக்கின் வெட்டுமுகம் பளிச்சென்றிருக்கும், பாலியின் வெட்டுமுகம் மழைமேகம் மாதிரிக் கொஞ்சம் கருத்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சில்லைக் குறட்டில் பிடித்து வாசலில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். அக்ரிலிக் நின்று எரியும், பழ வாசனை மாதிரி ஒரு நெடி வரும். பாலி கரும்புகை கக்கும், நெருப்பை எடுத்தால் தானே அணையப் பார்க்கும்.

உடைவதில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. வெள்ளம் வடிந்தபின் எங்கள் தெருவில் இரண்டு சாட்சிகள் கிடந்தன. ஒரு கடையின் அக்ரிலிக் போர்டு கத்தி கத்தியாகச் சிதறியிருந்தது. யார் வீட்டு மாடியிலிருந்தோ பிய்த்துக்கொண்டு வந்த பாலிகார்பனேட் கூரைத்தகடு சேறு பூசி, முறுக்கிக்கொண்டு, ஆனால் முழுசாகக் கிடந்தது. எதை எங்கே வைப்பது என்பதற்கு அதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. காற்றும் கல்லும் அடிக்கிற ஸ்கூட்டருக்கு பாலி. ரொட்டிப் பெட்டிக்கு அக்ரிலிக். அதுவரை சரிதான். எப்படி வளைப்பது என்பதில்தான் நான் சறுக்கினேன்.

விருந்துக்குச் சாப்பாடு கட்டுகிறவர்கள் வாழையிலையை அப்படியே மடிக்கமாட்டார்கள். நரம்போடு கிழிந்துவிடும். தணலில் ஒரு தடவை வாட்டி எடுப்பார்கள். இலை தளர்ந்து, எப்படி மடித்தாலும் மடங்கும். அக்ரிலிக்கின் கதை முழுக்க இந்த வாட்டலில் இருக்கிறது. 105 டிகிரி செல்சியஸ்வரை அது விறைப்பான கண்ணாடி. அதைத் தாண்டினால் மெல்ல மெல்ல ரப்பராகும். 150க்கும் 170க்கும் நடுவில் கையில் எடுத்தால் ஈரத்துண்டு மாதிரித் தொங்கும். அதிலும் 'காஸ்டிங் ஷீட்' என்று கடைக்காரர்கள் சொல்கிற வார்ப்புத் தகடாக இருக்கவேண்டும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் திரவத்தை ஊற்றி இறுகவைத்துச் செய்வது அது. மூலக்கூறுச் சங்கிலிகள் மிக நீளம். ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால் எவ்வளவு சூடாக்கினாலும் வழிந்தோடாது. உருளைகளுக்கிடையே பிழிந்து எடுக்கும் மலிவுத் தகட்டுக்குச் சங்கிலி குட்டை. சூட்டில் தொய்ந்துவிடும், பிழிந்த திசையில் மட்டும் கூடுதலாகச் சுருங்கும். வளைக்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. நம் கடைகளில் பெரும்பாலும் காகிதம் ஒட்டியிருந்தால் வார்ப்பு, பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் பிழிந்தது. ஆனால் அது சத்தியமான விதி அல்ல.

ரொட்டிப் பெட்டிக்குக் கால்வட்ட வளைவு, ஆரம் 150 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் தகடு அச்சின்மேல் படியும்போது அதன் நடுப்பகுதி 153 ஆரத்தில் இருக்கும். கால்வட்டத்துக்கு அதை 1.57ஆல் பெருக்கினால் 240. வார்ப்பு அக்ரிலிக் முதல் தடவை சூடேறும்போது நீளத்திலும் அகலத்திலும் 2 சதவீதம்போலச் சுருங்கும், சுருங்கின அளவுக்குத் தடிமன் கூடும். ஆகவே 250 நீளத்துக்கு வெட்டிக்கொண்டேன். அகலம் 380 வேண்டும், 390ஆக எடுத்தேன். எங்கள் வீட்டு மின்னடுப்பின் உள்ளகலம் 410. கேக் செய்வேன் என்று ஆசையாக வாங்கி இரண்டு தடவைக்குமேல் தொடாத அடுப்பு. பிளாஸ்டிக் வாட்டிய அடுப்பில் அப்புறம் தின்பண்டம் வைக்கக்கூடாது என்று வீட்டில் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் தொடங்கினேன்.

அடுப்பின் திருகைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் எழுதியிருக்கும் எண்ணை நம்பக்கூடாது. 160இல் வைத்துவிட்டு உள்ளே ஒரு தனி வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தால் 178 காட்டியது. கம்பிச் சுருளுக்கு நேராக இருக்கும் இடம் அதைவிடச் சூடாக இருக்கும். அங்கே தகடு பொரிந்துவிடும். சுருளுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தட்டைக் குறுக்கே வைத்தேன். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. மேற்பரப்பு வெந்தபின்னும் நடுப்பகுதி பச்சையாக இருக்கும். அவசரப்பட்டு வளைத்தால் வளைந்ததுபோல் இருந்து, ஆறினபின் உள்ளுக்குள் முறுக்கோடு நிற்கும். 160இல் இருபது நிமிஷம் விட்டேன். கதவைத் திறந்து ஓரத்தைக் கையுறையோடு தூக்கிப் பார்த்தால், வாட்டிய இலை.

எடுத்ததும் பத்து விநாடிதான் அவகாசம். அதற்குள் அச்சின்மேல் போர்த்திவிட வேண்டும். அச்சு என்பது ஒட்டுப்பலகையில் கால்வட்டமாக வெட்டிய மூன்று விலா எலும்புகள், அவற்றின்மேல் மெல்லிய பலகை. நேரே மரத்தில் போட்டால் மரத்தின் ரேகை பதிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அதன்மேல் ஒரு பழைய குளியல் துண்டை இழுத்துக் கட்டியிருந்தேன். தகடு அழகாகப் படிந்தது. இரண்டு பக்கமும் நானும் தோழனும் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் வளைவு கச்சிதம், ஆனால் உள்பக்கம் முழுக்கத் துண்டின் நூல்முடிச்சுகள் அம்மைத் தழும்பு மாதிரிப் பதிந்திருந்தன. தோழன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

போர்டு கடை அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "திருப்பி அடுப்பில வை தம்பி" என்றார், அவ்வளவுதான். வைத்தேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பத்து நிமிஷத்தில் கால்வட்டம் மெல்லத் திறந்தது. ஓரங்கள் கீழே இறங்கின. பதினைந்தாவது நிமிஷம் தகடு தட்டில் மறுபடியும் தட்டையாகப் படுத்திருந்தது. அம்மைத் தழும்பு ஒன்றுகூட இல்லை. சிக்குண்ட சங்கிலிகள் தாங்கள் வார்க்கப்பட்ட பழைய நிலையை மறப்பதில்லை. நாம் கொடுக்கும் வளைவு அவற்றுக்குத் தற்காலிகமாகப் பிடித்துவைத்த ஓர் இழுவை மட்டுமே. சூடு வந்ததும் விட்டுவிடுகின்றன. இரண்டாவது தடவை மெல்லிய ஃபிளானல் துணியை இரண்டு அடுக்காகப் போட்டு வளைத்தோம். மேலே ஒரு கம்பளியைப் போர்த்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை தொடவில்லை. வேகமாக ஆறினால் வெளித்தோல் முதலில் இறுகி ஓரங்கள் சுருட்டிக்கொள்ளும்.

அச்சில் இருப்பதெல்லாம் பொருளில் ஏறிவிடும் என்பது இந்த ஊர் நெடுநாளாக அறிந்த சங்கதி. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக்குக் கூரைமேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அந்தக் காலத்தில் இப்படி அச்சில்தான் வார்த்தார்கள். 1930களின் பிற்பாதியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கட்டடம். ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கிக் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டார். ஓட்டின் வளைவுக்கும் அடியிலிருக்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். வளைவு அங்கே அழகுக்காக அல்ல, வெயிலுக்காக. எங்கள் ரொட்டிப் பெட்டி வளைவு வெறும் அழகுக்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வெற்றியின் தைரியத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை 3 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டை எடுத்து அதே அடுப்பில் வைத்தேன். பாலி 150 டிகிரிக்கு அருகில்தான் இளகவே தொடங்கும் என்பதால் 185க்கு ஏற்றினேன். பத்து நிமிஷத்தில் தகடு தளர்ந்தது. கூடவே நடுவில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அப்புறம் நாலு. அப்புறம் தகடு முழுக்க. எண்ணெயில் போட்ட சரியாகக் காயாத வற்றல் கொப்பளிப்பதை யாராவது பார்த்திருந்தால் அதேதான். வெளியே எடுத்தபோது சோடா பாட்டிலைக் குலுக்கினதுபோல் உள்ளே குமிழிகள் உறைந்து நின்றன. மறுபடியும் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். குமிழி பெரிதானதுதான் மிச்சம்.

மறுநாள் அந்தத் தகட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது காயலப்பா. கடல் ஊர்ல வச்சிருந்த ஷீட்டு, தண்ணி குடிச்சிருக்கு."

பாலிகார்பனேட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிகக் கொஞ்சம், எடையில் அரைச் சதவீதம்கூட வராது. ஆனால் அடுப்புச் சூட்டில் அந்தக் கொஞ்சமும் ஆவியாகத் துடிக்கும். அதனால் வளைக்கும் முன் 120 டிகிரியில் காயவைக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தகட்டுக்கே நாலைந்து மணிநேரம் ஆகும். 6 மில்லிமீட்டர் என்றால் பத்து மணிக்கும் மேல். காய்ந்ததை ஆறவிட்டு அடுத்த நாள் வளைக்கலாம் என்று வைத்தால் புதுச்சேரிக் காற்றில் மறுபடியும் குடித்துவிடும். சுடச்சுட அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிற ஊரில் இது வீட்டு வேலை அல்ல.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஈரம் குடிப்பதில் உண்மையில் அக்ரிலிக்தான் பெரிய குடிகாரன். நாள்கணக்காகத் தண்ணீரில் போட்டுவைத்தால் பாலியைப்போல் பல மடங்கு உறிஞ்சும். அப்படியிருந்தும் வீட்டு அடுப்பில் அது ஏன் கொப்பளிக்கவில்லை? சூட்டு எண்களைப் பாருங்கள். 160 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 6 மடங்கு. 185 டிகிரியில் அது 11 மடங்கு. இருபத்தைந்து டிகிரிக்குள் ஏறத்தாழ இரட்டிப்பு. அக்ரிலிக் நமக்கு வேண்டிய அளவுக்கு இளகும் இடம் அந்த அழுத்தம் எகிறுவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. மழைக்காலம் முழுக்க மூலையில் கிடந்த அக்ரிலிக்கை 180க்குமேல் ஏற்றினால் அதுவும் கொப்பளிக்கும். ஆனால் அதை அவ்வளவு தூரம் ஏற்றவேண்டிய அவசியமே இல்லை. குடிப்பது யார் அதிகம் என்பதல்ல, எந்தச் சூட்டில் வேலை நடக்கிறது என்பதுதான் கணக்கு.

ஆக, சூட்டைப் பொறுத்தவரை என் முடிவு இது. அக்ரிலிக் மட்டுமே வீட்டு அடுப்புக்குத் தோது. தப்பு செய்யலாம், திருப்பி வைத்துத் திருத்தலாம். பாலிகார்பனேட்டை வீட்டில் சூடாக்காதீர்கள். அது சூட்டில் மன்னிக்காது. ஆனால் அதற்கு அக்ரிலிக்கிடம் இல்லாத இன்னொரு குணம் இருக்கிறது. பச்சையாகவே வளையும்.

தகட்டைக் குளிர்ச்சியாகவே வளைத்துச் சட்டத்தில் பிணைத்துவிட்டால் எவ்வளவு வளைவுவரை தாங்கும் என்பதற்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அக்ரிலிக்குக்கு ஆரம் தடிமனைப்போல் 200 மடங்குக்குக் குறையக்கூடாது. பாலிகார்பனேட்டுக்கு 100 மடங்கு போதும். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கை 600 மில்லிமீட்டர் ஆரத்துக்குமேல் நெருக்கக்கூடாது, பாலியை 300வரை கொண்டுபோகலாம். வளையும்போது வெளிப்புறத் தோல் இழுபடுகிறது. 300 ஆரத்தில் அந்த இழுவை அரைச் சதவீதம். பாலி அதைச் சும்மா சுமந்துகொண்டு வருஷக்கணக்கில் இருக்கும். அக்ரிலிக்கில் அதே இழுவையை வைத்தால் உடனே உடையாது, ஆனால் ஒருநாள் துடைக்கிற துணியில் ஸ்பிரிட் பட்டதும் சிலந்தி வலை மாதிரி நுண்விரிசல் ஓடிவிடும். அடுப்பில் வாட்டிச் செய்த வளைவில் அந்த இழுவை தங்குவதில்லை என்பதும் ரொட்டிப் பெட்டிக்கு அந்த வழியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

ஸ்கூட்டருக்கு நான் எடுத்த ஆரம் 400. கூடத்தில் தகட்டைப் போட்டு, ஓரங்களை உப்புத்தாள் வைத்து மழமழவென்று தேய்த்தேன். வெட்டுமுகத்தில் ஒரு பிசிறு இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். போல்ட் 6 மில்லிமீட்டர் என்றால் துளை 8 மில்லிமீட்டர். வெயிலில் இந்தத் தகடுகள் நன்றாக நீளும்: ஒரு மீட்டர் தகடு இருபது டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். அசைய இடம் விடாமல் முறுக்கினால் துளையின் விளிம்பே அதைக் கிழித்துவிடும். நானும் தம்பியும் இரண்டு முனையைப் பிடித்து இழுத்து வளைக்க, மூன்றாவது ஆள் ரப்பர் வாஷர் வைத்து நட்டைப் பூட்டினார். மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். அடுப்பும் வேண்டாம், அச்சும் வேண்டாம். நட்டு கழலாமல் இருக்க ஒட்டும் திரவத்தைமட்டும் போடவில்லை. பாலிகார்பனேட் அதற்கு ஆகாது, போல்ட்டைச் சுற்றி வெடித்துவிடும்.

வளைவு இல்லாமல் கோடுபோல் மடக்கவேண்டும் என்றால் பாலியைத் தகரம் மடக்குகிற பிரஸ்ஸிலேயே கொடுத்து மடக்கலாம். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் அந்த வேலை செய்பவர்கள் உண்டு. கொஞ்சம் கூடுதலாக மடக்கினால் விட்டதும் வேண்டிய கோணத்துக்குத் திரும்பி நிற்கும். அக்ரிலிக்கை அதே பிரஸ்ஸில் வைத்தால் பட்டாசுதான். அதைக் கோடாக மடக்க, கடையில் நீளவாக்கில் ஒரு நைக்ரோம் கம்பியைச் சூடாக்கி அதன்மேல் தகட்டை வைப்பார்கள். கம்பிக்கு நேரே இருக்கிற கோடு மட்டும் இளகும். ஹீட் கன்னும் இந்தக் கோட்டு வேலைக்குத்தான் சரி. அகலமான வளைவுக்கு அதைப் பயன்படுத்தினால் ஓர் இடம் வெந்து, ஓர் இடம் வேகாமல், தகடு முழுக்க அலை அலையாக ஓடும். வெளிச்சம் படும்போது எல்லாமே தண்ணீருக்குள் தெரிவதுபோல் தெரியும். காஸ் அடுப்பில் காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அக்ரிலிக் எரியும் பொருள், வேண்டாம்.

இந்த இரண்டு பொருளும் மனுஷ உடம்போடு கொண்ட உறவும் வேறுவேறு. 1940 ஆகஸ்ட் 15 அன்று பிரிட்டிஷ் விமானி கார்டன் கிளீவரின் ஹரிகேன் விமானத்தில் குண்டு பாய்ந்தது. அவர் தலைக்குமேல் இருந்த அக்ரிலிக் மூடி சிதறி, சில்லுகள் இரண்டு கண்களிலும் ஏறின. இப்படிக் கண்ணில் ஏறிய அக்ரிலிக் சில்லுகள் வருஷக்கணக்கில் புண்ணாக்காமல் சும்மா கிடந்ததைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே பொருளில் செய்த செயற்கை லென்ஸைக் கண்புரை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். நம் பக்கத்தில் அந்தக் கதையின் தொடர்ச்சி மதுரையில். 1992இல் தொடங்கிய அரோலாப், அதுவரை 100 டாலர் அளவுக்கு இறக்குமதியாகிக்கொண்டிருந்த லென்ஸை 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் அது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அந்த மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்தவரோ 1910 முதல் இந்த ஊரில் வாழ்ந்த அரவிந்தர். கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் அதன் கிளை இருக்கிறது. எங்கள் பெரியம்மாவின் கண்ணுக்குள் இருப்பதும் ஒரு வளைந்த பிளாஸ்டிக்தான் என்று அவரிடம் சொன்னபோது, "ரொட்டிப் பொட்டிக்குப் போட்டியே, அதுவா?" என்றார். அதேதான் பெரியம்மா, ஆனால் உங்களுடையதை அடுப்பில் வாட்டவில்லை, கடைசலில் கடைந்தார்கள்.

அன்று அந்த விமானத்தின் மூடி உடையாத பொருளாக இருந்திருந்தால் இந்த லென்ஸ் எப்போது வந்திருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு. பாலிகார்பனேட் அப்போது பிறக்கவே இல்லை. பிறந்தபின் அது எடுத்துக்கொண்டது காவல் வேலை: அப்போலோ விண்வெளி வீரர்கள் தலையில் மாட்டிய குமிழ், எஃப்-16 போர்விமானத்தின் மூடி, கலவரத்தில் போலீஸ் பிடிக்கும் தடுப்பு, நம் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி. அக்ரிலிக் பார்க்கும் வேலைக்கே நின்றுவிட்டது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. மீன் காட்சியகத்தின் சுரங்கப்பாதைக்குள் நடக்கும்போது தலைக்குமேல் சுறா நீந்துகிறதே, அங்கே தண்ணீரையும் நம்மையும் பிரிப்பது வளைத்த தடி அக்ரிலிக்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. வெயிலில் அக்ரிலிக் பத்து வருஷமானாலும் நிறம் மாறுவது அரிது. பாலி மஞ்சளாகிவிடும், அதனால் ஒரு பக்கம் புறஊதாக் காப்புப் பூச்சோடு வரும். மேலே ஒட்டிய படலத்தில் எந்தப் பக்கம் வெளியே என்று அச்சடித்திருப்பார்கள். அதை உரித்து எறிந்தபின் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உரிக்கும் முன் ஓரத்தில் பேனாவால் ஒரு குறி போட்டுவிடுங்கள். கீறலில் பாலி பரம எளிது. காய்ந்த தூசியோடு துடைத்தால் உப்பும் மணலும் அதை உப்புத்தாளாகத் தேய்க்கும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, சோப்பு நீரில் பருத்தித் துணியால் துடைக்கவேண்டும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் பெட்ரோலும் அதற்கு விஷம். அக்ரிலிக்குக்கு எதிரி ஆல்கஹால். 2020இல் கொரோனா வந்தபோது ஊரெங்கும் கடை மேஜைகளில் அக்ரிலிக் தடுப்பு நட்டு, மணிக்கொரு தரம் சானிடைசர் அடித்துத் துடைத்தோம். சில மாதத்தில் லேசரில் வெட்டிய ஓரங்களும் துளைகளும் நரைத்து விரிசலோடியதைப் பலர் பார்த்திருப்பார்கள். லேசர் வெட்டிய விளிம்பில் இழுவை தங்கியிருக்கும், சானிடைசர் அதைத் திறந்துவிடும். லேசரில் அக்ரிலிக் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும் என்பதும், போர்டு கடைக்காரர்கள் அதைக் குளோரோஃபார்ம் தொட்டு நொடியில் ஒட்டிவிடுவார்கள் என்பதும் அதன் வரவுக் கணக்கு. பாலியை அதே லேசரில் வைத்தால் ஓரம் கருகும்.

ரொட்டிப் பெட்டி இன்னும் டீக்கடையில் இருக்கிறது. கால்வட்டத்தின் ஓர் ஓரத்தில், எட்டிப் பார்க்கிறவர்கள் மோதிரக் கை வைக்கும் இடத்தில், சின்னச் சின்னக் கீறல்கள். பாலிஷ் போட்டால் போய்விடும், தோழன்தான் போடமாட்டேன் என்கிறான். ஸ்கூட்டரின் தகடு ஒன்றரை வருஷத்தில் மங்கிவிட்டது. எதிர்வெயிலில் பார்த்தால் கீறல்கள் எல்லாம் ஒளிர்ந்து சாலையையே மறைத்தன. கழற்றினேன். நட்டை விட்டதும் 'விர்'ரென்று நிமிர்ந்தது, ஆனால் முழுசாக நிமிரவில்லை. தரையில் வைத்தால் நடுவில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளைவு தங்கிவிட்டிருந்தது. இத்தனை நாள் பிடித்துவைத்ததில் தன் பழைய தட்டை வடிவத்தைக் கொஞ்சம் மறந்திருக்கிறது. அக்ரிலிக்காக இருந்தால் அடுப்பில் வைத்து மறுபடியும் தட்டையாக்கியிருக்கலாம். இதை எறிய மனமில்லாமல் மாடியில் போட்டிருந்தேன். போன சித்திரையில் ஏறிப் பார்த்தபோது அம்மா அதை நாலு செங்கல்மேல் கவிழ்த்துவைத்து, காக்கை கொத்தாமல் அடியில் வற்றல் காயவைத்திருந்தார்.